உண்டியலும் மனச்சாட்சியும்

கொழும்பிலிருந்து வரும் பெருந்தெருவில், புத்தளம் நகரை அடையுமுன் இடப்பக்கமாக ஒரு பாதை பிரிந்து செல்கிறது. அதுதான் பாலாவிச் சந்தி. அந்தப் பாதை நுரைச்சோலைக்கும் தலவிலவுக்கும் கற்பிட்டிக்கும் போகிறது. ஆடி மாதத்தில் புனித அன்னம்மாளின் திருவிழாவுக்குப் போகும் யாத்திரிகர்கள் இந்தச் சந்தியில் இறங்கி, வேறு பஸ் ஏறுவதற்காக மூட்டை முடிச்சுகளோடு காத்து நிற்பதை நம் வாசகர்களிற் பலர் அறிவார்கள்.

2023ஆம் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் நானும் அவ்வாறு காத்து நின்றேன். ஒரு காலத்தில் என்னிடம் படித்த பெண்ணொருத்தி வந்து பேசினாள். ஏழு வருடம் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். சுகம் விசாரித்த பின்னர், கொஞ்சம் தயங்கி, இப்படிக் கேட்டாள்:

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டா? பாவசங்கீர்த்தனத்தில சொல்ல வேணுமா வேணாமா எண்டு தெரியாம இரண்டு வருசமா மனசுக்குள்ள வச்சிருக்கிறன்."

2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் அவளுடைய தாய்க்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக் கூரையும் பாதியில் நின்றது. இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் 3,000 டொலர் பெறுமதியான டினார் அவள் கையில் இருந்தது. வங்கி மூலம் அனுப்பினால் ஒரு டொலருக்கு 200 ரூபாவும் சில்லறையும். உண்டியல்காரரிடம் கொடுத்தால் 240 ரூபா. ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். அதாவது அவளுடைய இரண்டு மாத உழைப்பு. அவள் உண்டியலில் அனுப்பினாள். மறுநாளே தாயின் கையில் காசு கிடைத்தது. சத்திரசிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

சில கிழமைகளின் பின் யாரோ ஒருவர் தொலைபேசியில் பேசிய படத்தைக் கூட வேலை செய்தவள் காட்டினாள். உண்டியலில் பணம் அனுப்புகிறவர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று அவர் கோபமாகச் சொன்னாராம். அதையும் அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் அடுத்த வருடம் தன் தம்பியின் படகு மண்ணெண்ணெய் இல்லாமல் கரையிற் கிடந்ததைக் கேள்விப்பட்டபோதுதான் நெஞ்சு பதறியது என்றாள்.

"டொலர் வராததாலதான் எண்ணெய்க் கப்பல் வரல்ல எண்டு சொன்னாங்க. அப்ப என்ட தம்பிட போட் கரையில கிடந்ததுக்கு நானும் காரணமா, மாஸ்டர்?"

பஸ் வந்துவிட்டது. "அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, மகள்" என்று சொல்லிச் சமாளித்தேன். வழிநெடுக அந்தப் பதில் என்னை உறுத்தியது. ஏனெனில் அது பெரிய விஷயந்தான். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுத முயலுகிறேன்.

உண்டியல் என்னும் சொல்

உண்டியல் என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. ஆலயத்திற் காணிக்கை போடும் பெட்டி ஒன்று. ஓர் ஊரிற் பணத்தைக் கட்டி, வேறோர் ஊரில் அதைப் பெறுவதற்கு வணிகர் எழுதிக் கொடுத்த சீட்டு மற்றொன்று. கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து சென்னைக்கும் இரங்கூனுக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இத்தகைய சீட்டுகளினாலேயே பெருந்தொகைகளை அனுப்பினார்கள். பொன்னையும் வெள்ளியையும் கப்பலில் ஏற்றி ஆபத்துக்கு உள்ளாக்காமல், நம்பிக்கையை மட்டும் ஏற்றி அனுப்பிய முறை அது. அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் நாட்டில் போர் நடந்த காலத்தில், வங்கியின் கதவு திறக்காத ஊர்களிற் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணம் போய்ச் சேர்ந்ததும் இப்படித்தான். அதே பாதையால் ஆயுதத்துக்கான பணமும் போனது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

இன்றைய உண்டியலில் சீட்டும் இல்லை. குவைத்தில் ஒருவர் டினாரை வாங்கிக்கொள்கிறார். புத்தளத்தில் உள்ள தன் கூட்டாளிக்குத் தொலைபேசியிற் சொல்கிறார். இவர் ரூபாவை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார். பணம் கடல் கடந்து வந்ததாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒன்றும் வரவில்லை. டினார் குவைத்திலேயே நின்றுவிட்டது. தாயின் கையிற் கிடைத்தது முன்னரே இந்த நாட்டில் இருந்த ரூபா.

அப்படியானால் அந்த டினாருக்கு என்ன நடந்தது? அதை வேறொருவர் வாங்குகிறார். அவர் யார்? 100 டொலர் பெறுமதியான சாமானை 40 டொலர் என்று சுங்கப் பகுதிக்குக் காட்டிவிட்டு, மிச்சம் 60 டொலரை இரகசியமாகச் செலுத்தும் இறக்குமதி வியாபாரியாக இருக்கலாம். வங்கியில் டொலர் கிடைக்காமல், வெளிநாட்டிற் படிக்கும் பிள்ளையின் கட்டணத்துக்கு வழி தேடும் தகப்பனாக இருக்கலாம். தங்கம் கடத்துபவராகவோ, போதைப்பொருள் கொண்டுவருபவராகவோ, வாங்கிய இலஞ்சத்தை வெளிநாட்டில் ஒளித்து வைக்க விரும்புபவராகவோ இருக்கலாம். அனுப்பியவளுக்கு அந்த முகம் தெரியாது. தெரியவும் வழியில்லை.

வங்கி வழியாக அனுப்பினால் மட்டும் நாணயத்தாள்கள் கடல் கடந்து வருகின்றனவா? இல்லை. அங்கேயும் செய்திதான் வருகிறது. 1973ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் தொடங்கப்பட்ட சுவிஃப்ட் என்ற அமைப்பு 200க்கு மேற்பட்ட நாடுகளின் வங்கிகளுக்கிடையே இச்செய்திகளைக் கொண்டு செல்கிறது. அது பணத்தை எடுத்துச் செல்வதில்லை. இன்ன கணக்கிற் கழித்து, இன்ன கணக்கிற் கூட்டுக என்ற கட்டளையை மட்டுமே எடுத்துச் செல்கிறது.

ஆகவே வங்கிக்கும் உண்டியலுக்கும் உள்ள வேற்றுமை, ஒன்றிற் பணம் வருகிறது, மற்றதில் வருவதில்லை என்பதல்ல. இரண்டும் வாய்ச்சொல்லும் நம்பிக்கையுந்தான். ஒன்றின் கணக்கைப் பொதுவானவர் ஒருவர் திறந்து பார்க்கலாம். மற்றதைப் பார்க்க முடியாது. இந்த ஒரு வேற்றுமையில்தான் முழு அறநெறிப் பிரச்சினையும் தங்கியிருக்கிறது.

விலையைப் பொய்யாக்கியவர் யார்?

முதலில் அவள் பக்கத்து நியாயத்தைக் கேட்போம்.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் 7ஆந் திகதி வரை, ஒரு டொலரின் விலை ஏறக்குறைய 203 ரூபாவிலேயே பிடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த விலைக்கு டொலர் வாங்கப் போனால் வங்கியிற் கிடைக்கவில்லை; விற்கப் போனால் மட்டும் அந்த விலை. இதை விலை என்று சொல்ல முடியுமா? விற்பவளுக்கு மாத்திரம் பொருந்தி, வாங்குபவனுக்குப் பொருந்தாத விலை ஒரு கட்டளையே அன்றி விலையன்று. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு டொலருக்கு 2 ரூபாவும், 2021 டிசம்பரில் அதற்கு மேல் 8 ரூபாவும் ஊக்கத்தொகையாகக் கொடுக்கப்பட்டன. கொடுக்கும் விலை போதாது என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பிடி தளர்ந்ததும் என்ன நடந்தது? 2022 மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபாவைத் தாண்டியது.

பிறர் வீட்டிற் பாத்திரம் கழுவி, பிறர் பிள்ளையைத் தூக்கி வளர்த்து, தன் பிள்ளையின் முகத்தைத் தொலைபேசியில் மட்டும் பார்த்த ஒரு பெண்ணின் கூலி அந்த டினார். அதன் உண்மையான பெறுமதியிற் பெரும் பங்கைச் சட்டத்தின் பெயரால் வெட்டி எடுப்பது, கூலியை வெட்டுவதற்கு எவ்வளவு தூரம் வேறானது? வேலையாளின் கூலியைப் பிடித்து வைப்பது இறைவனின் காதுகளுக்கு எட்டும் அநீதி என்று புனித யாகப்பர் தம் திருமுகத்திற் கண்டித்தார். 1891ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், நியாயமான கூலி என்பது பலசாலி தன் விருப்பப்படி குறித்துவிடும் தொகையன்று என்பதே அடிப்படை. முதலாளிக்குப் பொருந்தும் இந்த நீதி அரசுக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

எனவே, அவளைத் துரோகி என்று அழைத்தவர் முதலில் தன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும்: நேர்மையாக அனுப்புகிறவளைத் தண்டித்து, ஒளித்து அனுப்புகிறவளுக்குப் பரிசு கொடுக்கும் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியவர் யார்?

மறுபக்கம்

ஆயினும் அவளுடைய இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. தம்பியின் படகு கரையிற் கிடந்ததல்லவா?

வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020ஆம் ஆண்டு 710 கோடி டொலர். 2021இல் அது 549 கோடியாகக் குறைந்தது. 2022இல் 379 கோடி மட்டுமே. அந்த 2022ஆம் ஆண்டிலேயே 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். உழைப்போர் தொகை பெருகப் பெருக, வங்கிக்கு வந்த பணம் பாதியளவாகச் சுருங்கியது. பணம் வராமல் இல்லை. வேறு பாதையில் ஓடியது.

அதன் விளைவை யாவரும் அறிவோம். 2022 ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. எரிவாயுவுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசை. ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமையும், நீர்த்தேக்கங்களில் நீர் வற்றியமையும் சேர்ந்து அந்த இருளைக் கொண்டுவந்தன. 900 மெகாவற் மின்சாரம் தரும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குப் பாதை பிரியும் பாலாவியிலும் வீடுகளில் மெழுகுதிரி எரிந்தது. களப்பிலும் கடலிலும் தொழில் செய்யும் எங்கள் மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கிடைத்தபோதோ, 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது.

இவற்றுக்கெல்லாம் உண்டியல்தான் காரணம் என்று சொல்வது பொய். வருடக் கணக்காக வாங்கிக் குவித்த கடனும், 2019இன் இறுதியிற் செய்த பெரும் வரிக்குறைப்பும், கொள்ளைநோயினால் நின்றுபோன உல்லாசப் பயணத்துறையும், பிடிவாதமாகக் காத்த பொய் விலையும் பெருங் காரணங்கள். ஆனால் உண்டியலுக்கு அதிற் பங்கே இல்லை என்பதும் பொய். ஒவ்வொருவரும் தன் 3,000 டொலர் ஒரு துளி என்றே நினைத்தார்கள். துளிகள் திசை மாறியபோது குளம் வற்றியது. தன் தாயைக் காத்த கையே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், இன்னொருத்தியின் தாய்க்கு மருந்து வருவதைத் தாமதப்படுத்தியிருக்கலாம்.

பெரியவர்களின் பணம்

இந்த இடத்தில் நாம் நின்றுவிட்டால் பெரிய அநீதி செய்தவர்களாவோம். ஏனெனில் நாடு விட்டு நாடு போகும் பணத்தில் ஏழையின் பணம் ஒரு வகை; பெரியவர்களின் பணம் வேறு வகை.

பாலாவியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அருவக்காட்டுச் சுண்ணக்கல்லை அரைக்கும் இங்குள்ள சீமெந்துத் தொழிற்சாலை ஒரு காலத்தில் அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் சொத்து. 1990களில் தனியார் கைக்குப் போயிற்று. பின்னர் சுவிற்சர்லாந்தின் ஹொல்சிம் கம்பனிக்கு உரியதாயிற்று. 2016ஆம் ஆண்டு அது தாய்லாந்தின் சயாம் சிற்றி சீமெந்துக் கம்பனிக்குக் கைமாறியது. பல கோடி டொலர் பெறுமதியான விற்பனை. முறையாக அறிவித்து, சட்டப்படி நடந்த காரியம். அதிற் குறை காண்பது என் நோக்கமன்று. நான் சொல்ல வந்தது இதுதான்: அத்தனை பெரிய தொகை கைமாறிய நாளில் பாலாவிச் சந்தியில் ஒரு தேநீர்க் கடைக்காரருக்கும் அது தெரிந்திராது. அவ்வளவு பணத்தைக் கொண்டு செல்பவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு, கணக்காளர் உண்டு, எந்த நாளில் எந்த நாணயத்தில் என்று தெரிந்தெடுக்கும் வசதி உண்டு. குவைத்தில் சமையலறைக்குப் பக்கத்தில் உறங்கும் பெண்ணிடம் இருப்பதோ ஒரு தொலைபேசி மட்டும்.

அனுப்பும் செலவைப் பாருங்கள். 200 டொலரை நாடு விட்டு நாடு அனுப்ப உலக சராசரியாக நூற்றுக்கு 6க்கு மேற் செலவாகிறது. அதை 2030ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 3க்குக் குறைவாக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் இலக்கு வைத்தது. இலட்சக் கணக்கில் அனுப்புகிறவர் நூற்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பதில்லை. ஏழைதான் தன் சிறு தொகைக்கு அதிக கூலி கொடுக்கிறாள்.

பெருந்தொகை தவறான வழியிற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டைத் தொட்ட ஒரு சம்பவம் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நியூ யோர்க்கில் இருந்த கணக்கிலிருந்து 95 கோடி டொலருக்கு மேல் திருடுவதற்கு, யாரோ 35 பொய்க் கட்டளைகளை அனுப்பினார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. 2 கோடி டொலர் இலங்கை வங்கியொன்றுக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையாக இருந்ததை இடையிலிருந்த வங்கி கவனித்து விசாரித்தது. அந்தப் பணம் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. ஓர் ஏழை நாட்டின் பெருஞ் சேமிப்பு ஒரே இரவிற் கொள்ளை போகாமல் ஓரளவேனும் தப்பியது எதனால்? வழியில் ஒருவர் நின்று, இது யாருடைய பணம், எங்கே போகிறது என்று கேட்டதனால். திறந்த கணக்கின் பயன் அதுவே.

நம் ஏற்றுமதியாளர்களின் கதையும் நினைக்கத்தக்கது. ஏற்றுமதி செய்து பெற்ற பணத்தை 180 நாட்களுக்குள் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி இருந்தும், அதை வெளிநாட்டிலேயே நிறுத்தி வைத்தவர்கள் பற்றி அந்த நெருக்கடிக் காலத்தில் நிறையப் பேசப்பட்டது. அதே காலத்தில், 2022 ஜனவரி 18ஆந் திகதி, நாட்டின் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த வேளையில், கடன் முறிகளுக்காக 50 கோடி டொலர் ஒரே நாளில் முதலீட்டாளர்களுக்குச் செலுத்தப்பட்டது. கொடுத்த வாக்கைக் காப்பது கடமைதான். ஆனால் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் முன்பாக அந்தக் கடமையை வைத்தவர்கள் யாரிடம் கேட்டு வைத்தார்கள்? 50 கோடி டொலரைப் பற்றி முடிவு செய்தவர்களை எவரும் துரோகி என்று அழைக்கவில்லை. 3,000 டொலர் அனுப்பியவளையே அழைத்தார்கள்.

சின்னப்பர் காட்டிய வழி

நாடு விட்டு நாடு பெருந்தொகை அனுப்புவது புதிய காரியமன்று. யெருசலேமின் ஏழைகளுக்காகப் புனித சின்னப்பர் மக்கதோனியாவிலும் கிரேக்க நாட்டிலும் பணம் திரட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய திருமுகங்களில் அதைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட கவனம் வியப்பூட்டுவது. பணத்தைத் தாமே தனியாகக் கொண்டுபோக அவர் விரும்பவில்லை. கொடுத்தவர்கள் தாங்களே நம்பித் தெரிந்த ஆட்கள் அதைக் கொண்டுபோக வேண்டும் என்றார். தீத்துவுடன் சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரரையும் அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் தம்மைக் குறை சொல்ல இடம் வைக்கலாகாது என்றும், இறைவன் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் காரியம் நேர்மையாய் இருக்க வேண்டும் என்றும் காரணம் காட்டினார்.

இதைச் சிந்தியுங்கள். அப்போஸ்தலருக்கே, என் மனம் சுத்தமானது, இறைவன் அறிவார் என்பது போதவில்லை. தொகை பெரிதானதால் கணக்கும் திறந்திருக்க வேண்டும் என்றார்.

பின்னாளில் ஐரோப்பிய வணிகர் மாற்றுச் சீட்டுகளாற் பணம் அனுப்பிய காலத்திலும் திருச்சபை இதே பாதையிற் சென்றது. ஒரு நாட்டின் பணத்தை மறு நாட்டில் உண்மையாகச் சேர்ப்பிப்பவர் தம் உழைப்புக்கும் ஆபத்துக்கும் கூலி பெறுவதை அறநெறி அறிஞர் தவறென்று சொல்லவில்லை. ஆனால் பணம் எங்கும் போகாமலே போனதாகப் பாசாங்கு செய்து, வட்டியை மறைத்து வாங்கிய உலர்ந்த மாற்று என்னும் தந்திரத்தை, 1571ஆம் ஆண்டு பாப்பரசர் 5ஆம் பத்திநாதர் கண்டித்துத் தடுத்தார். பணம் அனுப்புவது பாவமன்று. பாவம் மறைப்பிலேதான் குடிகொள்கிறது.

இதிலிருந்து ஒரு விதியை வகுக்கலாம்: தொகை எவ்வளவு பெரியதோ, அதைத் திறந்து காட்டும் கடமையும் அவ்வளவு பெரியது. அதிகாரம் எவ்வளவு கூடியதோ, குற்றமும் அவ்வளவு கூடியது. நம் உலகம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. சிறியவளின் பையைச் சோதிக்கிறது. பெரியவரின் பெட்டிக்கு வழிவிடுகிறது.

அவளுக்குரிய பதில்

மகள், உன் கேள்விக்கு வருகிறேன்.

பிறருடைய தீமைக்கு நாம் உதவியாகிவிடும் வேளைகளைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி ஆழமாக ஆராய்ந்தார். தீமையை விரும்பி உதவுவது ஒன்று. தீமையை விரும்பாமல், தனக்குரிய நல்ல காரியத்தைச் செய்யும்போது தூரத்தில் ஒரு தீமைக்குத் துணையாகிவிடுவது வேறொன்று. முதலாவது எப்போதும் பாவம். இரண்டாவதில், தூரம் எவ்வளவு, காரணம் எவ்வளவு பாரமானது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். உன் காரணம் உன் தாயின் உயிர். உன் முன் இருந்த மற்ற வழி உன் கூலியை அநியாயமாக வெட்டியது. நீ ஒருவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நீ சட்டத்தை மீறினாய் என்பது உண்மை. துரோகி என்பது உண்மையன்று. தம்பியின் படகு கரையிற் கிடந்ததற்கான கணக்கில் உன் பெயர் இருக்குமானால், அது கடைசிப் பக்கத்திற் சின்ன எழுத்தில் இருக்கும். முதற் பக்கத்துப் பெயர்கள் வேறு.

ஆனால் உன் மனம் உறுத்துவதும் வீணன்று. அதை அணைத்துவிடும்படி நான் சொல்ல மாட்டேன். நாட்டின் பொதுநலம் என்பது கொழும்பிலிருக்கும் ஒரு பெட்டியன்று, அது தன் தம்பியின் படகுதான் என்று கண்டுகொண்ட மனம் அது. 50 கோடி டொலர் அனுப்பியவர்களுக்கு இந்த உறுத்தல் இருந்திருந்தால் நாடு இப்படி ஆகியிராது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. டொலரின் விலை பிடித்து வைக்கப்படவில்லை. வங்கி கொடுக்கும் விலைக்கும் உண்டியல் விலைக்கும் இருந்த அந்தப் பெரிய இடைவெளி மறைந்துவிட்டது. மக்களும் அதற்கேற்ப நடந்துகொண்டார்கள். வங்கி வழியே வந்த பணம் 2023இல் 597 கோடி டொலராகவும், 2024இல் 657 கோடி டொலராகவும் உயர்ந்தது. துரோகி என்று ஏசியதனால் அவர்கள் திரும்பி வரவில்லை. நியாயமான விலை கிடைத்ததும் தாமாகவே வந்தார்கள். எங்கள் மக்கள் கள்ளராய் இருக்க விரும்புகிறவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆகவே, அன்று உனக்கிருந்த நியாயம் இன்று வேறொருவருக்கு இல்லை. வெட்டாத கூலி கைக்கு வரும்போதும், ஓரிரு ரூபாவுக்காகவோ கேள்விகளைத் தவிர்ப்பதற்காகவோ மறைவான வழியைத் தேடுகிறவர், தன் உழைப்பை முகம் தெரியாத ஒருவரின் கள்ளத்துக்குத் திரையாகக் கொடுக்கிறார். இத்தாலியிலும் மத்திய கிழக்கிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை அன்புடன் சொல்ல வேண்டும். ஆட்சியாளர்களுக்கும் அன்புடனும் கண்டிப்புடனும் சொல்ல வேண்டியது: மீண்டும் ஒரு நாள் ஏழையின் டொலருக்குப் பொய் விலை குறிக்காதீர்கள். குறித்துவிட்டு அவளைக் குற்றவாளிக் கூட்டில் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, பணத்தைப் பெறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கியில் வந்தாலும் உண்டியலில் வந்தாலும், வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தப் பணம் இன்னொருவரின் முதுகெலும்பு. அவள் அங்கே நித்திரை விழித்து உழைக்க, இங்கே அது சாராயத்திலும் ஆடம்பரக் கலியாணத்திலும் கரைந்தால், கூலியை வெட்டியவர்களின் வரிசையில் நாமும் போய் நிற்கிறோம். அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கும் நாம், குவைத்திலிருந்து வந்த மகளுக்கு, மனைவிக்கு, சகோதரிக்குக் கணக்குச் சொன்னோமா? சின்னப்பர் கொரிந்தியருக்கு வைத்த ஒழுங்கு நம் வீட்டுக்கும் பொருந்தும்.

அன்று மாலை தலவில ஆலயத்தில் கூட்டத்துக்கு மத்தியில் அவளைத் தூரத்திற் கண்டேன். காணிக்கை உண்டியலுக்கு முன்னால் நின்று, கைப்பையைத் திறந்து, ஒரு நோட்டை எடுத்து, நான்காக மடித்து உள்ளே போட்டாள். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இரண்டு சல்லிக் காசு போட்ட கைம்பெண்ணின் கதை நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணுகிறவர்களும், அவள் அனுப்பிய டொலரை எண்ணுகிறவர்களும், அவளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை மறவாதிருப்போமாக.